மார்ஜ் செத்ததுக்கு அழுதவங்கள்ல எத்தனை பேரு அந்த எபிசோட பாத்தீங்க?

2025 ஜூன் கடைசியில என் டைம்லைன் பூரா ஒரே நியூஸ்தான். சிம்ப்சன்ஸ்ல, பல வருஷமா ஓடுற அந்த அமெரிக்க கார்ட்டூன் குடும்பக் கதையில, அம்மா மார்ஜ் செத்துட்டாங்க. அந்த நீலக் கொண்டை படம், அதுக்குக் கீழ அழுற எமோஜி, என் சின்ன வயசே முடிஞ்சுபோச்சுன்னு நூத்துக்கணக்குல கமெண்ட். நானும் பதறிப்போயி ஒவ்வொண்ணா படிச்சேன், நான் படிச்சதுல ஒருத்தர்கூட எபிசோட் பேரு சொல்லல, கதை என்னன்னு சொல்லல. அன்னைக்கு ராத்திரியே தேடிப் போட்டுப் பாத்தேன். அப்புறம் இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டேன். பாத்த பிறகு எனக்கு வந்தது கோவம், ஷோ மேல இல்ல, அந்த நியூஸ் மேல. அதைத்தான் எழுதப்போறேன், நீளமா போகும், கதையும் முழுசா சொல்லுவேன், பாக்கணும்னு வெச்சிருக்கறவங்க பாத்துட்டு வந்து படிங்க.

அந்த எபிசோட் பேரு எஸ்ட்ரேஞ்சர் திங்ஸ். உறவு விட்டுப்போறதுக்கான இங்கிலீஷ் வார்த்தையையும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்ங்கிற அந்த பிரபலமான பேய் சீரியல் பேரையும் சேத்து வெச்ச பேரு. 36வது சீசனோட கடைசி எபிசோட், அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல 2025 மே 18 ஒளிபரப்பாச்சு. தேதிய கவனிங்க. மே 18. ஊரே அழுதது ஜூன் கடைசியில. நடுவுல ஒரு மாசத்துக்கு மேல இருக்கு. அத்தனை நாளும் ரெகுலரா பாக்குறவங்க பாத்து, பிடிச்சுது பிடிக்கலன்னு அவங்களுக்குள்ள பேசிட்டுதான் இருந்தாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் கல்லறை சீனை மட்டும் வெட்டி ஹெட்லைன் ஆக்க, பல வருஷமா ஒரு எபிசோட்கூட பாக்காதவங்க எல்லாம் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வந்து நின்னாங்க. வந்ததைத் தப்பு சொல்லல, பாசம் இருக்கறதாலதான் வந்தாங்க. ஆனா வந்தவங்க உள்ள போயி முகத்தைக் கூட பாக்காம வாசலோட திரும்பிட்டாங்க, அதுதான் என் வருத்தம்.

ஏன்னா இது மார்ஜ் சாகுற கதையே இல்ல. மார்ஜோட பிள்ளைங்க பார்ட்டும் லிசாவும் பிரியுற கதை.

எப்படி பிரியுறாங்கன்னு பாருங்க, அதுலதான் இந்த எழுத்தாளர்கள் மேல எனக்கு மரியாதை வந்தது. அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயசுலேருந்து சேந்து உக்காந்து பாக்குற கார்ட்டூன் இட்சி அண்ட் ஸ்க்ராட்சி, அந்த எலியும் பூனையும் வெட்டிக் குத்திக்கிற ஷோ. ஒரு நாள் கடைசித் தங்கச்சி மேகி, கைக்குழந்தை, அதை ரசிச்சுப் பாக்குறத ரெண்டு பேரும் கவனிக்கிறாங்க. அவ்வளவுதான், அச்சோ இது பாப்பாங்க பாக்குறதுன்னு ரெண்டு பேருக்கும் கூச்சம் வந்துருது, பாக்குறத நிறுத்திடுறாங்க. பெரிய சண்டை கிடையாது, துரோகம் கிடையாது. அந்த அரை மணி நேரம் போனதும் சேந்து உக்கார ஒரு காரணமும் இல்ல. அவன் பாட்டுக்கு அவன், அவ பாட்டுக்கு அவ. பின்னாடி சாரா மெக்லாக்லன் பாடுறாங்க, டாய் ஸ்டோரி 2ல ஒதுக்கி வெச்ச பொம்மைக்காக அழ வெச்ச அதே குரல். அங்கேயே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு, மார்ஜ் இன்னும் உயிரோடதான் இருக்காங்க அப்போ.

அங்கேருந்து 35 வருஷம் தாண்டிப் போகுது. லிசா பெரிய பதவியில இருக்கா, பார்ட் லைசென்ஸ் இல்லாம முதியோர் இல்லம் மாதிரி ஒண்ணு நடத்திட்டு இருக்கான், ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. மார்ஜ் இறந்துட்டாங்க. கல்லறையில அன்பான மனைவி, அம்மா, அது கூடவே பன்றிக்கறிக்கு மசாலா தடவுறவங்கன்னும் எழுதியிருக்கு. அப்புறம் மார்ஜ் தனக்குப் பிறகு பிள்ளைங்க பாக்கட்டும்னு பதிவு பண்ணி வெச்சிருந்த வீடியோ லிசா கண்ணுல படுது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இருக்கணும், அதுதான் அவங்க கேக்குறது. கடைசியில ரெண்டு பேரும் மறுபடி டிவி முன்னாடி சேர்றாங்க, அதே எலி, அதே பூனை.

எனக்கு ஒரு அக்கா. நாங்க சின்ன வயசுல சாயங்காலம் ஸ்டார் வேர்ல்ட்ல சிம்ப்சன்ஸ் போடுவான், அந்த நேரத்துக்கு மட்டும் ரிமோட்டுக்குச் சண்டை வராது. எனக்கு பாதி இங்கிலீஷ் புரியாது, அக்கா சிரிச்சா நானும் சிரிப்பேன், அப்புறம் விளம்பரத்துல அவ எனக்கு விளக்குவா. அவ ப்ளஸ் டூ வந்ததும் ட்யூஷன் அந்த நேரத்துக்குப் போட்டாங்க, அதோட நின்னுச்சு. எங்களுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் ஒரு மனஸ்தாபமும் இல்ல. அவ மஸ்கட்ல இருக்கா, பிறந்தநாளுக்கு ஸ்டேட்டஸ் போடுவோம், பசங்க போட்டோவுக்கு ஹார்ட் போடுவோம். அம்மா ஒவ்வொரு தடவை போன் வெக்கிறதுக்கு முன்னாடியும் "அக்காட்ட பேசுனியாடா"ன்னு கேப்பாங்க, நான் "ம், பேசுனேம்மா"ம்பேன். பேசியிருக்க மாட்டேன். அந்த வீடியோல மார்ஜ் பேசினப்ப எனக்குக் கேட்டது எங்கம்மா கேக்குற அதே கேள்விதான்.

இன்னொரு விஷயம். பழைய சிம்ப்சன்ஸ்தான் சிம்ப்சன்ஸ், பத்து சீசனுக்கு மேல எல்லாம் குப்பைன்னு சொல்றவங்க இந்த எபிசோடையும் அதே வாயால சொல்லிட்டாங்க. பழசு எவ்வளவு உயரம்னு எனக்கும் தெரியும். 1994ல வந்த லிசா ஆன் ஐஸ் எபிசோட எத்தனை தடவை பாத்திருப்பேன், ஐஸ் ஹாக்கியில எதிரெதிர் டீம்ல நிக்கிற ரெண்டு பேரும் கடைசி நொடியில சின்ன வயசு ஞாபகம் வந்து மட்டையைக் கீழ போட்டுட்டு கட்டிப்பிடிச்சுக்கிறாங்களே, மேட்ச் டிராவுல முடியுமே, அதுக்கு ஈடா டிவியில அண்ணன் தங்கச்சி சீன் நான் பாத்ததில்ல. ஆனா அது அங்கேயே முடியல. 2011ல வந்த ஹாலிடேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்ல வளந்த பார்ட்டும் லிசாவும் பழைய மரவீட்டுல உக்காந்து குடிச்சிட்டே அவங்கவங்க பிள்ளைங்களப் பத்திப் புலம்புவாங்க. ஷோவே நின்னுருமோன்னு இருந்த நேரத்துல, இதுவே கடைசியா இருந்தாலும் இருக்கட்டும்னு எழுதினது அது. 2015ல பார்ட்ஹுட், தங்கச்சியோட நிழல்லயே வளந்த அண்ணனோட கசப்பு. இப்போ இது. முப்பது வருஷமா விட்டு விட்டு ஒரே உறவை எழுதிட்டு வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் வேற வயசுலேருந்து. 94ல அது கட்டிப்பிடிச்சா தீந்துபோற சண்டை. 2025ல காரணமே சொல்ல முடியாத தூரம். பாக்குற நமக்கும் வயசாயிருக்கு இல்லையா, அந்த வயசுக்கு எழுதுறாங்க. இதைக் குப்பைன்னு சொல்றவங்ககூட என்னால ஒத்துப்போக முடியாது.

ஊரே கொந்தளிச்சதும் ஷோரன்னர், அதாவது ஷோவோட எழுத்துக்கும் தயாரிப்புக்கும் தலைமையா இருக்கற மேட் செல்மன் விளக்கம் கொடுத்தார். எதிர்காலம் காட்டுற எபிசோட் எல்லாமே கற்பனை, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது, இந்த ஷோவுக்கு இதுதான் அதிகாரபூர்வமான கதைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அப்படிங்கிற மாதிரி. ரொம்ப சரி. 1995ல வந்த லிசாஸ் வெட்டிங் காட்டின எதிர்காலம் 2010, அந்த 2010 வந்தும் போயிருச்சு, லிசா இன்னும் ரெண்டாங்கிளாஸ்தான். மார்ஜ் அடுத்த சீசன்ல சமையல்கட்டுல நிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரெண்டு பக்கமும் அத்தோட பேச்சை முடிச்சுட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல. ஒரு கோஷ்டி செத்துட்டாங்கன்னு அழுதுச்சு, செல்மன் பேசினதும் இன்னொரு கோஷ்டி நிஜமா சாகல போங்கன்னு கலைஞ்சு போயிருச்சு. கதைக்குள்ள செத்தாங்களா இல்லையாங்கிறதா முக்கியம்? அந்த 22 நிமிஷத்துல அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கும், அம்மா போனப்புறம் அண்ணன் தங்கச்சியை யாரு சேத்து வெப்பாங்கன்னு காட்டியிருக்காங்களே, அதைப் பத்தி யாராவது பேசுனீங்களா?

குறை இல்லாமலும் இல்ல. எதிர்காலத்துக்குப் போனதும் ஜோக் மேல ஜோக்கா அடுக்குறாங்க, பார்ட்டையும் லிசாவையும் ஒரு அறையில சும்மா விட்டிருக்கலாம், அந்த 2011 மரவீடு மாதிரி. பெரிய குறை கடைசி சீன். மார்ஜ் சொர்க்கத்துலேருந்து பாத்து பிள்ளைங்க ஒண்ணு சேந்துட்டாங்கன்னு சந்தோஷப்படுறாங்க, பக்கத்துல ரிங்கோ ஸ்டார், பீட்டில்ஸ் ட்ரம்மர், கணவர் இடத்துல. இதுக்குத்தான் நிறைய பேருக்குக் கோவம், புருஷன் ஹோமர் இருக்கும்போது இன்னொருத்தரான்னு. 1991ல வந்த பிரஷ் வித் கிரேட்னஸ் பாத்தவங்களுக்கு இது எங்கேருந்து வருதுன்னு தெரியும். பள்ளிக்கூட வயசுல மார்ஜ் ரிங்கோவை வரைஞ்சு அனுப்பியிருப்பாங்க, பல வருஷம் கழிச்சு அவர்கிட்டேருந்து பதில் கடிதம் வரும், படத்தை சுவத்துல மாட்டியிருக்கேன்னு. ரிங்கோவே வந்து குரல் கொடுத்தார் அதுக்கு. அதனால ஜோக் ஆகாயத்துலேருந்து குதிக்கல, 34 வருஷ பழைய நூலைத்தான் இழுத்திருக்காங்க. இருந்தாலும் என் மனசு ஒப்பல. அந்த வீடியோ பாத்து கலங்கி உக்காந்திருக்கறவங்களுக்கு மூச்சு விட நேரம் கொடுத்திருக்கணும்.

கடைசியா குரல். ஜூலி கேவ்னர், 1987ல ட்ரேசி உல்மன் ஷோவுல துண்டுப் படமா வந்த காலத்துலேருந்து மார்ஜுக்குப் பேசுறவங்க, இந்த எபிசோட் வந்தப்ப அவங்களுக்கு 74 வயசு. புது சீசன்ல குரல் கரகரன்னு ஆயிருச்சு, இழுக்குது, மாத்திடலாம்னு எழுதுறவங்களை நிறைய பாக்குறேன். எனக்கும் சில எபிசோட்ல, முப்பத்தி சொச்ச வயசு மார்ஜ் வாயிலேருந்து அந்தக் குரல் வரும்போது, கஷ்டமாத்தான் இருந்திருக்கு. ஆனா அந்த வீடியோ சீனுக்கு வேற எந்தக் குரலும் பத்தாது. போகப்போற ஒரு அம்மா பிள்ளைங்களுக்குப் பேசுறாங்க, பேசுறது நிஜமாவே வயசான ஒரு பொம்பள, 38 வருஷமா அந்தப் பிள்ளைங்களுக்கு அம்மாவா இருந்தவங்க. நடிப்பு எங்க முடியுது வயசு எங்க ஆரம்பிக்குதுன்னு பிரிக்க முடியல. கண்ணை மூடிட்டு அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டேன்.

அக்காவுக்கு லிங்க் அனுப்பியிருக்கேன். இப்போ தனியா பாக்காத, வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, சேந்து போடுவோம்னு சொன்னேன். அவளுக்கு ராத்திரி எட்டு மணி, எனக்கு ஒன்பதரை. போனை ஸ்பீக்கர்ல போட்டு வெச்சுக்கலாம், எனக்குப் புரியாததை இப்பவும் நீதான் சொல்லணும்னு சொல்லியிருக்கேன்.