புதுக் கருவி கொண்டுவருகிறவர்களே, முதலில் சிஸ்டரிடம் பேசுங்கள்

வளரும் நாடுகளில் புது மருத்துவக் கருவியை எப்படி இறக்குவது என்று ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் பேசுகிறார்கள். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஆஸ்பத்திரி மெஷின்களை சர்வீஸ் பார்க்கிறவன் நான். சந்தை எவ்வளவு பெரிது, போட்டிக்கு யார், பெரிய டாக்டர்கள் என்ன சொன்னார்கள் எல்லாம் கையில் வைத்திருப்பார்கள். சரி, வாங்கி இரண்டாவது வருஷம் அந்தக் கருவி என்ன நிலைமையில் இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

கடலோரத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பிறந்த குழந்தைக்குச் சூடு கொடுக்கும் வார்மர் அங்கே இருந்தது, ஹீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, குழந்தையின் தோலில் ஒட்டுகிற சென்சார் ஒயர் மட்டும் போய்விட்டது. உப்புக் காற்றில் அதன் பின்களில் பச்சைப் பாசி மாதிரி களிம்பேறியிருந்தது. அந்தக் கம்பெனிக்கென்றே செய்த கனெக்டர், வேறு எதுவும் பொருந்தாது, விற்ற ஏஜென்டும் இப்போது அந்தத் தொழிலில் இல்லை. அத்தனை பணம் போட்டு வாங்கிய வார்மரின் மேல் குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. “சென்சார் இல்லாம ஓட்டினா குழந்தைக்குச் சூடு ஏறிடுமோன்னு பயமா இருக்கு சார், அதான் அம்மா நெஞ்சோட சேர்த்து அணைச்சு வெச்சிடறோம்” என்றார் சிஸ்டர். அவர் செய்தது முழுக்கச் சரி. கோபம் எனக்கு அந்தக் கனெக்டரை வடிவமைத்தவர்கள் மேல்தான்.

ஏழை நாடுகளின் மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடப்பதாக 2011ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. சர்வீஸ் வேலையில் இருக்கிற யாருக்கும் இது அதிர்ச்சியாக இருக்காது.

அமெரிக்காவில் ஒரு குழு கார் உதிரிபாகங்களை வைத்தே நியோநர்ச்சர் என்று ஒரு இன்குபேட்டர் செய்தது. 2010ல் டைம் இதழின் சிறந்த கண்டுபிடிப்புகளில் அதுவும் ஒன்று, ஆனால் கடைசிவரை ஆஸ்பத்திரிக்குள் வரவில்லை. தயாரிக்கப் போவது யார், காசு கொடுத்து வாங்கப் போவது யார் என்பதை அதே குழு அடுத்த முறை முதலிலேயே பார்த்தது. வியட்நாம் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து, மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை தரும் ஃபயர்ஃப்ளையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு குழந்தையைத்தான் படுக்க வைக்க முடியும், ஏனென்றால் கூட்டமான வார்டில் ஒரே விளக்கின் கீழ் இரண்டு மூன்று குழந்தைகளைப் போட்டுவிடுவார்கள் என்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வார்டில் போய் நிற்காமல் இது யாருக்கும் தோன்றாது. மதுரையில் 1992ல் ஆரோலேப் நிறுவனம் கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்ய ஆரம்பித்தபோது, அதைப் பயன்படுத்த அரவிந்த் ஆஸ்பத்திரி ஏற்கெனவே காத்திருந்தது.

அப்புறம் லைசென்ஸ். 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி ஆபத்து குறைந்த ஏ, பி வகைக் கருவிகளை இங்கே தயாரிக்க மாநில அதிகாரி அனுமதி தருவார், ஆபத்து கூடுதலான சி, டி என்றால் மத்திய அரசு. இதை எல்லாரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வாங்குவது யார் என்பதில்தான் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கிக் கொடுக்க 1994ல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் அரசாங்கமே வேறு. பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரத்துக்கே இப்படி என்றால், கென்யாவுக்கும் வியட்நாமுக்கும் நமக்கும் சேர்த்து ஒரே திட்டம் போட்டால் எப்படி?

அதனால் பெரிய டாக்டர்களோடு நிறுத்தாதீர்கள். நைட் டியூட்டி சிஸ்டர் பக்கத்தில் உட்காருங்கள், கரண்ட் போகும்போது அவர் கை எதை முதலில் தேடுகிறது என்று பாருங்கள். ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொல்லி, கெட்டுக் கிடப்பதில் எந்தப் பாகம் போயிருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் கருவியின் சென்சாரும் ஒயரும் ஐந்து வருஷத்துக்கு என்ன விலை, கடலூரில் யாரிடம் கிடைக்கும் என்பதை விலைப்பட்டியலிலேயே போடுங்கள். அந்தப் பட்டியலோடு யார் வந்தாலும் ஸ்டோர் ரூம்களுக்கு நானே கூட்டிப்போகிறேன்.