பிளான்ச் புரூஸும் சுருட்டப்பட்ட சேமிப்பும்

பிளான்ச் புரூஸ் என்றாலே ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள்: 1879 பிப்ரவரி 14 அன்று அமெரிக்க செனட்டுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர். அது ஒரு நாள் பெருமை. அதே ஆண்டு அவர் கையில் எடுத்த வங்கி விசாரணைதான் அவருடைய உண்மையான அரசியல் என்பேன்.

1841இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். உள்நாட்டுப் போரின்போது கான்சாஸின் லாரன்ஸ் நகரிலும், பிறகு மிசௌரியின் ஹானிபலிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1869இல் மிசிசிப்பிக்குப் போய், பொலிவார் கவுன்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) ஷெரீஃப் எனும் சட்டம் ஒழுங்கு அதிகாரி, வரி வசூலிப்பவர், பள்ளிக் கண்காணிப்பாளர் என்று வளர்ந்தார். அன்று செனட்டரை மாநிலச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். 1874இல் அது இவரைத் தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு பதவியேற்பில் உடன் நடந்து வரவேண்டிய சொந்த மாநில செனட்டர் ஆல்கார்ன் எழுந்திருக்கவே இல்லை. நியூயார்க் செனட்டர் ராஸ்கோ காங்ளிங் எழுந்து வந்து கூட நடந்தார். புரூஸ் தன் மகனுக்கு அவர் பெயரையே வைத்தார்.

இப்போது வங்கிக்கு வருகிறேன். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1865இல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி அது. 5 சென்ட் இருந்தாலே கணக்குத் தொடங்கலாம். அரசே நடத்துகிறது என்று நம்பித்தான் மக்கள் போட்டார்கள். ஆனால் அரசு உத்தரவாதம் எதுவும் கிடையாது. வைப்புத்தொகையில் மூன்றில் இரண்டு பங்காவது அரசுக் கடன் பத்திரங்களில் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. 1870இல் அதைத் தளர்த்தி, நிலத்தின் பேரில் கடன் கொடுக்க அனுமதித்தார்கள். ஓட்டை விழுந்தது அங்கேதான். வங்கியின் நிதிக்குழுவில் இருந்த ஹென்றி குக், தனக்குத் தொடர்புள்ள கல்குவாரி கம்பெனிக்கே மதிப்பில்லாத ஈட்டின் மேல் கடன் போக வழிவிட்டார். 1873இல் அவர் அண்ணன் ஜே குக்கின் நிறுவனம் திவாலாகி நாடே ஆட்டம் கண்டது. மக்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தபோது, கொடுத்த கடன் திரும்பவில்லை. 1874 ஜூனில் கதவு மூடியது. 61,000க்கும் மேற்பட்டவர்களின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் உள்ளே மாட்டிக்கொண்டது.

சொத்தைப் பிரித்துக் கொடுக்க நியமித்த மூன்று ஆணையர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 3,000 டாலர் சம்பளம். அதுவும் ஏமாந்தவர்கள் பணத்திலிருந்துதான் போனது! புரூஸ் தலைமையிலான செனட் குழு கணக்குகளைத் தோண்டியெடுத்த பிறகு, 1881இல் அந்த மூவரை நீக்கி, தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஒரே அதிகாரியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். மீதி இழப்பை அரசே ஈடுகட்ட வேண்டும் என்றும் புரூஸ் போராடினார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இசையவில்லை.

1883 வரை ஐந்து தவணைகளில் கிடைத்தது டாலருக்கு 62 சென்ட். அதுவும் பாஸ்புக்கை பத்திரமாக வைத்திருந்து, உரிமை கோரத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான்.