லைட் பூட்டுவது சரி, கழற்றப் போவது யார்?

மட்டக்களப்பு டவுனில் வரப்போகிறது என்று சொல்லப்படும் கண்ணாடி அலுவலகக் கட்டடத்தின் படம் சில நாளாக எல்லாருடைய பக்கத்திலும் ஓடுகிறது. கட்டடம் முழுக்க நீலமும் ஊதாவுமாய் எரிகிறது, அடியில் வாவி, வாவிக்குள்ளும் அதே நீலம். கீழே கொமெண்டில் "கொழும்பைப் பிடிச்சிட்டம்", "குட்டி டுபாய்" என்று ஒரே சந்தோஷம். சந்தோஷப்படட்டும். உயரக் கட்டடமே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை, கட்டாரில் இந்த மாதிரிக் கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் லைட் பூட்டின காசில்தான் வீட்டுக்குக் கூரை போட்டேன். அதனாலேயே படத்தைப் பார்த்ததும் எனக்கு வேறு கேள்வி வந்தது. எட்டாம் மாடிக் கண்ணாடிக்கு வெளியே இருக்கிற அந்த நீல லைட் செத்துப்போனால், அதைக் கழற்றப் போகிற பொடியன் எங்கே நிற்பான்?

சிரிக்காதீர்கள். வெளி லைட் வேலையில் முதல் கேள்வியே இதுதான். நம்மூரில் கொங்கிரீட் போட்டு, கண்ணாடி பூட்டி, பெயின்ட் அடித்து, திறப்புவிழாவுக்குத் திகதியும் குறித்த பிறகுதான் லைட்காரனைக் கூப்பிடுகிறார்கள். அவன் என்ன செய்வான்? வயர் போக உள்ளே குழாய் விட்டிருக்க மாட்டார்கள், அலுமினியத்தில் துளை போட்டு, சிலிக்கன் பூசி, வயரை வெளியால் இழுத்து ஒட்டிவிட்டுப் போவான். அதுவரைக்கும் நின்ற சாரத்தையும் அடுத்த நாள் பிரித்துவிடுவார்கள்.

நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை எடுங்கள். 1931-ல் திறந்தது, 381 மீற்றர். தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று 1916-ல் அந்த நகரம் போட்ட சட்டத்தால், மேலே போகப் போகக் கட்டடம் படிபடியாக உள்வாங்கும். அந்தப் படிகளில்தான் பின்னால் பெரிய லைட்களை வைத்து, சுண்ணக்கல் சுவரில் வெளிச்சத்தை மேல்நோக்கி அடித்தார்கள். 1964-ல் மேல் 30 மாடிக்கு வெள்ளை வெளிச்சம், 1976-ல் நிறம். 2012-ல் எல்.ஈ.டி. வரும் வரைக்கும் நிறம் மாற்ற வேண்டுமென்றால் ஆட்கள் போய் ஒவ்வொரு லைட்டின் முன்னாலும் நிறத்தட்டைக் கையால் மாற்றினார்கள். அதாவது ஒவ்வொரு லைட்டுக்குப் பக்கத்திலும் ஒரு மனிதன் காலூன்றி நிற்க இடமிருந்தது.

கண்ணாடியில் அந்த வேலை நடக்காது. கீழேயிருந்து அடிக்கிற வெளிச்சத்தை அது கல் மாதிரிப் பிடித்து வைத்திருக்காது, பாதி உள்ளே போய்விடும், பாதி தெறித்து வானத்துக்குப் போய்விடும். அதனால்தான் கண்ணாடிக் கட்டடத்துக்கு ஒவ்வொரு அலுமினியச் சட்டத்திலும் நூல் பிடித்தது போல லைட் பூட்டுகிறார்கள். சின்னச் சின்னப் புள்ளியாய் நிறம் ஓடுகிற மலிவான வகையில் சிக்னல் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும், நடுவில் ஒன்று போனால் அதற்குப் பின்னால் இருக்கிறதெல்லாம் போச்சு. நல்ல வகை அப்படியில்லை, போனது மட்டும்தான் இருண்டு நிற்கும். ஆனால் விலை கேட்டதும் முதலாளிமார் மலிவானதைத்தான் எடுப்பார்கள்.

அப்புறம் உப்பு. இதைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. கடலோரக் கல்லடிப் பக்கம் இருக்கிறவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும். வாடைக் காலத்தில் கடல் காற்று ஒரு மாதம் அடித்தால் போதும். அலுமினியப் பெட்டிக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவை நேரே முடுக்கினால் அந்த இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் புகுந்து மின்கலம் மாதிரி வேலை செய்யும், ஸ்க்ரூ பளபளவென்றே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நகத்தால் சுரண்டினால் கையோடு வரும். பிறகு ஒரு நாள் லைட் பெட்டி தெருவில் போகிறவன் தலையில் விழும். இதைத் தடுக்க இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் நைலோன் வைக்க வேண்டும், ஸ்டீலும் 304-க்குப் பதில் உப்பைக் கூடத் தாங்கும் 316 தரமாக இருக்க வேண்டும். கொந்தராத்துப் பத்திரத்தில் இந்த இரண்டு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது. "தண்ணி போகாது, ஐ.பி. 65" என்று மட்டும் பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த எண் தூசுக்கும் பீய்ச்சுகிற தண்ணீருக்கும்தான், உப்பு அரிப்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 1978 சூறாவளியைக் கண்ட ஊர் இது, காற்றுக்கு எவ்வளவு தாங்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

தீயையும் சொல்லிவிடுகிறேன். சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறந்தது, ஒரு காலத்தில் அந்த நகரத்துக்கே அடையாளம். 2023 ஏப்ரலில் அதன் உச்சியிலிருந்த மின் பெயர்ப்பலகை தீப்பிடித்தது. பரபரப்பான நகரத்தில் அதை அணைக்க வழியிருந்தது. எங்கள் மாநகர சபைத் தீயணைப்பு வண்டியின் ஏணி எத்தனையாம் மாடிக்கு எட்டும் என்று, நம்ம டவுன் படத்தில் உச்சியில் பெரிய பெயர்ப்பலகை வரைந்தவர் கேட்டுப் பார்த்தாரா?

சரி, இருட்டாகவே விடச் சொல்கிறேனா? அதுவும் இல்லை. அதே நியூயோர்க்கில் 1958-ல் முடிந்த சீகிராம் என்ற கண்ணாடிக் கட்டடம், 38 மாடி. ரிச்சர்ட் கெல்லி என்ற வெளிச்ச வடிவமைப்பாளர் அங்கே கண்ணாடி ஓரமாக உள்கூரையையே ஒளிரவைத்தார், இரவில் கட்டடம் உள்ளிருந்து எரிகிற மாதிரித் தெரிந்தது. பல்பு போனால் அலுவலகத்துக்குள் ஏணி வைத்து மாற்றலாம். மழையில்லை, உப்பில்லை, தொங்க வேண்டியதில்லை. மட்டக்களப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் கலந்த வெளிச்சம், மேல் மூன்று மாடிக்கு மட்டும், பத்து மணிக்கு அணைந்துவிட வேண்டும். வாவியில் இறால் பிடிக்கப் போகிறவர்களுக்கு ராத்திரி முழுக்க ஊதா வெளிச்சம் எதற்கு? 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்ததையும் அதற்குள் மறந்துவிட்டோம் போல.

இப்படி எழுதினால் "அபிவிருத்திக்கு எதிரி" என்று யாராவது வருவார்கள், வரட்டும். படம் வரைந்தவரை யாருக்காவது தெரிந்தால் இந்தப் பதிவில் டேக் பண்ணிவிடுங்கள். மொட்டை மாடியிலிருந்து ஆள் இறக்கும் தொட்டிலுக்குக் கொங்கிரீட்டிலேயே கொக்கி வைத்திருக்கிறாரா, இல்லையா? அதை மட்டும் அவர் சொன்னால் போதும். அடித்தளம் வெட்ட முதலே வரைபடத்தில் சேர்த்தால் செலவு சொற்பம்.