நூலக வரி

(நகராட்சி அலுவலகம், வருவாய்ப் பிரிவு. மார்ச் கடைசி வாரம். மின்விசிறிகூட வசூல் இலக்கை நினைத்துத்தான் முனகுகிறது. பில் கலெக்டர் தங்கவேல், உதவியாளர் செல்வி.)

செல்வி: மனப் பாரம் குறைய நூலகத்துக்குப் போகச் சொன்னேனே, போனீர்களா சார்?

தங்கவேல்: போனேன் அம்மா. நாவலைப் பிரித்தால் ஆணையர் கூட்டம், கவுன்சிலர் போன் எல்லாம் பறந்துவிடும் என்றாயே.

செல்வி: பறந்ததா?

தங்கவேல்: எனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருந்தது. சொத்து வரி பாக்கிக்காகப் போன வாரம் குடிநீர் இணைப்பைத் துண்டித்தோமே, அந்தப் பெரியவர். நாளிதழுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அரை மணி நேரம் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

செல்வி: ஐயையோ! அலமாரிப் பக்கம் ஒதுங்கியிருக்கலாமே.

தங்கவேல்: ஒதுங்கினேன். கையில் சிக்கியது சோழர் வரலாறு. பிரித்த பக்கத்தில் முதலாம் குலோத்துங்கன், 'சுங்கம் தவிர்த்த சோழன்'. வரியை நீக்கியவன் புகழை வரி வசூலிக்கிறவன் படித்தால் மனம் லேசாகுமா?

செல்வி: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) சரி, உறுப்பினராகவாவது சேர்ந்தீர்களா?

தங்கவேல்: அங்கேதான் மாட்டினேன். படிவத்தில் அலுவலகப் பெயரைப் பார்த்ததும் நூலகர் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார்.

செல்வி: அடேயப்பா, என்ன மரியாதை!

தங்கவேல்: அவசரப்படாதே. "1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறீர்களே, ரூபாய்க்குப் பத்து பைசா! அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எப்போது சார் கட்டுவீர்கள்?" என்று ஒரு பழைய கோப்பைத் திறந்தார். நான் வீடு வீடாகப் போய்க் கேட்கிற அதே குரல், அதே இழுவை.

செல்வி: என்ன சொன்னீர்கள்?

தங்கவேல்: எல்லா வீட்டிலும் எனக்குச் சொல்வதைத்தான். "பெரியவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள், அடுத்த வாரம் வாருங்கள்."

செல்வி: ஆக, யாருக்கும் பாரம் குறையவில்லை.

தங்கவேல்: ஏன், நூலகருக்குக் குறைந்தது. பல வருட நிலுவையை என்னிடம் கொட்டித் தீர்த்துவிட்டு, வாசல்வரை வந்து வழியனுப்பினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு!

செல்வி: இன்று மாலை நானும் வரட்டுமா சார்?

தங்கவேல்: வா. அடையாள அட்டையைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு வா.