நன்றாக இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

ஒரு படம் பார்த்தேன். நல்ல படம், ரசித்துத்தான் பார்த்தேன். "எப்படிடா இருக்கு?" என்று நண்பன் கேட்டான். "நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் சொல்கிற அளவுக்கு இல்லை" என்றேன். அவ்வளவுதான். ரசனை கெட்டவன், பொறாமைக்காரன், தனியாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே மாற்றிப் பேசுகிறவன் என்று அரை மணி நேரத்தில் எனக்கு மூன்று பட்டங்கள்.

ஐயா, நான் பேசியது படத்துக்கும் அதற்குக் கிடைக்கிற பாராட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றி. பத்துக்கு ஏழு வாங்கவேண்டியவனுக்குப் பத்தையும் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள் என்றேன். அவன் ஃபெயில் என்று சொல்லவே இல்லையே! இந்த வித்தியாசம் ஏன் யார் மண்டையிலும் ஏறமாட்டேன் என்கிறது?

பாதிப் பழியை நம் பேச்சுவழக்கின் மேல் போடலாம். எதிர்ப்பக்கத்துக்குச் சொல் கொட்டிக் கிடக்கிறது: குறைத்து எடைபோடாதே, மட்டம் தட்டாதே, லேசாக நினைத்துவிடாதே, இளக்காரம் பண்ணாதே. தகுதிக்கு மேல் தூக்குவதற்கு? மிகைமதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. அதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், தணிக்கை அறிக்கை வாசிக்கிறாயா என்பார்கள். அதனால் ஆளாளுக்கு 'ஓவர்ரேட்டட்'. அதுவும் இப்போது வெறும் வசவாகிவிட்டது. தனக்குப் பிடிக்காத எதன் மேலும் அந்த முத்திரையைக் குத்திவிட்டுப் போகிறார்கள். நான் எவ்வளவு பதமாகச் சொன்னாலும் கேட்பவர் காதில் 'மொக்கை' என்று விழுவதற்கு இவர்கள்தான் காரணம்.

அப்புறம் 'மிகைப்படுத்தல்'. அந்த இடத்தில் இதைப் போடுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது. மிகைப்படுத்துகிறவனுக்கு உண்மையான அளவு தெரியும், தெரிந்தேதான் துரும்பைத் தூணாக்குகிறான். தகுதிக்கு மேல் மதிப்பவனோ துரும்பைத் தூண் என்றே நம்பிச் சாய்ந்து நிற்கிறான். முன்னவன் ஏமாற்றுகிறான், பின்னவன் ஏமாந்திருக்கிறான். ஜால்ரா என்பது வேறு, அது காரியம் ஆவதற்கு. பில்டப்பும் வேறு, அது விற்கிறவன் வேலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பது பாசம், அதை விட்டுவிடலாம்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இதுதான் நான் சொல்ல வந்ததற்குக் கிட்டே வருகிறது. இலுப்பைப்பூ உண்மையிலேயே இனிக்கும் என்பதைக் கவனியுங்கள். பழமொழி அதை மறுக்கவில்லை. பூ இனிப்புதான், சர்க்கரை என்றுதான் சொல்லாதே என்கிறது. அன்றைக்கு அரை மணி நேரம் நான் கத்தியதும் இதைத்தானே! 'தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்' என்பதும் அப்படித்தான், குற்றம் ஆடுகிறவர்கள் மேல்தான். தலையில் உட்கார்ந்திருக்கிற பாவப்பட்ட பொருளுக்கு ஒரு கீறலும் இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய எரிச்சல், மேடைதோறும் கேட்கிற 'என்றால் அது மிகையாகாது'. மிகை இல்லாத ஓர் இடத்தில் இதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? தண்ணீர் நனைக்கும் என்றால் அது மிகையாகாது என்று எவரும் பேசுவதில்லை. கொஞ்சம் ஓவராகப் போகிறோம் என்று பேசுகிறவருக்கே உறுத்தும்போதுதான் இந்த முன்ஜாமீன்.

இதே மிகை என்ற சொல் 504ஆம் குறளில் எவ்வளவு நிதானமாக நிற்கிறது! 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்.' குணம் ஒரு தட்டு, குற்றம் ஒரு தட்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்தபின் எந்தப் பக்கம் கூடுதலோ அதுதான் அங்கே மிகை. நாம் செய்வது என்ன? ஒரு தட்டில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, முள் எங்கே நிற்கிறது பார் என்று அடுத்தவனிடம் காட்டுகிறோம். கையை எடு என்று சொல்கிறவன் பொறாமைக்காரன்.

நேற்று அதே நண்பன் இன்னொரு படத்தைப் பற்றிக் கேட்டான். "வேற லெவல்" என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம், எனக்கு அரை மணி நேரம் மிச்சம். அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.