பாறை மாதிரி (கோர்) எடுப்பதற்கு முன்பே கணக்குச் சொல்லாதீர்கள்

ஷேல் என்ற இறுகிய களிப்பாறைக்குள் அடைபட்டிருக்கும் எரிவாயு பற்றிய செய்தி எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே ஒரு பிரம்மாண்டமான எண் நிற்கிறது. அதை நம்பிக் கொள்கை வகுக்கும் அரசுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

போலந்தில் நடந்ததைப் பாருங்கள். 2011-இல் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் அங்கே எடுக்கக்கூடிய ஷேல் எரிவாயு 187 டிரில்லியன் கன அடி, அதாவது சுமார் 5.3 டிரில்லியன் கன மீட்டர் என்றது. ரஷ்ய எரிவாயுவை நம்பியிருந்த நாட்டுக்கு ஆசை வராமல் இருக்குமா? அடுத்த ஆண்டே போலந்தின் சொந்தப் புவியியல் நிறுவனம் பழைய கிணறுகளின் தரவுகளை அலசி, பெரும்பாலும் 346 முதல் 768 பில்லியன் கன மீட்டருக்குள்தான் இருக்கும் என்றது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு! எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் 2012-இல் அங்கிருந்து வெளியேறியது; அதேபோன்ற செவ்ரானும் கோனகோபிலிப்ஸும் 2015-இல். எழுபது கிணறுகளுக்கு மேல் தோண்டியும் வணிக உற்பத்தி வரவில்லை.

பாறையின் பரப்பு, தடிமன், அதிலுள்ள கரிம அளவு என்று தாளில் பெருக்கிக்கொண்டே போகலாம். பாறையைச் சோதிப்பது வேறு வேலை. நூறு மில்லிகிராம் அளவு பாறைப் பொடியை ராக்-எவால் கருவியில் வைத்துச் சூடேற்றுவார்கள். 300 டிகிரி செல்சியஸில் ஏற்கெனவே உருவாகித் தங்கியிருந்த எண்ணெயும் வாயுவும் வெளியேறும். சூடு ஏற ஏற, எண்ணெயும் வாயுவும் உருவாகக் காரணமான கரிமப் பொருளான கெரோஜன் உடையும். அது உச்சமாக உடையும் வெப்பநிலை 435-க்குக் கீழே என்றால் பாறை இன்னும் பக்குவப்படவில்லை; 470-ஐத் தாண்டினால் வாயு உருவாகும் கட்டம் என்று தோராயமாகச் சொல்லலாம். இதில் ஒரு சிக்கல்: நன்றாகப் பக்குவமான பாறையில் கரிம அளவு குறைவாகத்தான் காட்டும், ஒரு பகுதி ஏற்கெனவே வாயுவாகிப் போய்விட்டதே!

அப்புறம் கோர், அதாவது கிணற்றுக்குள்ளிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் பாறைத் துண்டு. மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள்ளேயே வாயு கசிந்துகொண்டிருக்கும். வந்ததும் கலனில் அடைத்து, வெளியேறும் வேகத்தை அளந்து, வழியில் போனது எவ்வளவு என்று பின்னோக்கி ஊகிக்க வேண்டும். களிமண் கனிமங்கள் அதிகமென்றால், வாயுவை வெளியே எடுக்கப் பாறையை உடைத்தாலும் விரிசல் பிசைந்த மாவு மாதிரி மூடிக்கொள்ளும். குவார்ட்ஸ் மிகுந்த டெக்சாஸின் பார்னெட் ஷேலை அளவுகோலாக வைத்து எல்லா ஊர்ப் பாறைக்கும் கணக்குப் போடுவது தவறு.

இது நம்மையும் தொடும் விஷயம். அதே 2011 அறிக்கை, காவிரிப் படுகை உட்பட இந்தியாவின் நான்கு படுகைகளுக்கு 63 டிரில்லியன் கன அடி என்றது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையோ காவிரி உட்பட மூன்று படுகைகளுக்குச் சராசரியாக 6.1 டிரில்லியன்தான் என்றது. இனி யாராவது ஒரு பெரிய எண்ணோடு வந்தால், எத்தனை மீட்டர் கோர் எடுத்தீர்கள், களிமண் எத்தனை சதவீதம், சோதனை முடிவுகளை எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். இதற்குப் பதில் வராமல் ஒரு உரிமம்கூடக் கொடுக்கக் கூடாது.