அட்வான்ஸ் எங்க பணம்

அட்வான்ஸ் வாங்கும்போது வீட்டு ஓனருங்களுக்கு இருக்குற அவசரம், திருப்பித் தரும்போது எங்க போகுது? "நாளைக்குக் காலையில போட்டு விட்ருங்கம்மா, இன்னொரு பார்ட்டி வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது." அன்னைக்கு ராத்திரியே ஃபோன் மேல ஃபோன். நாம ஊருக்குப் பேசி, ஃப்ரெண்டுங்ககிட்ட கைமாத்து வாங்கி, எப்படியோ பொரட்டி அனுப்பிடுறோம். வீட்டைக் காலி பண்ணிட்டு அதே பணத்தைக் கேட்டா, "இந்த மாசம் கொஞ்சம் டைட்டா இருக்கும்மா", "புதுசா ஆள் வரட்டும்மா", "பையன் வந்துதான் கணக்குப் பாக்கணும்மா". அப்புறம் ஃபோனையே எடுக்குறதில்ல. நான் வேலையைப் பாக்குறதா, புது வீட்டுல சாமான் அடுக்குறதா, இல்ல மதியம் சாப்பாட்டு நேரத்துல ஆபீஸ் மாடிப்படியில நின்னு இவங்களுக்கு டயல் பண்ணிட்டே இருக்குறதா?

கணக்கைப் பாருங்க. வேளச்சேரி, பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் ஒரு பெட்ரூம் வீடு, 15,000 வாடகைன்னு வச்சுக்கோங்க. பத்து மாச அட்வான்ஸ்னா 1,50,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 15,000. முதல் மாச வாடகை முன்கூட்டியே இன்னொரு 15,000. ஆக 1,80,000 இருந்தாத்தான் சாவி கைக்கு வரும். கையில 30,000 சம்பளம் வாங்குற ஒருத்தர் ஆறு மாசம் ஒரு டீகூட குடிக்காம சேத்தாத்தான் அவ்வளவு தேறும். யார்கிட்ட இருக்கு அப்படிப் பணம்? எனக்கு அது வந்தது எங்க அம்மாவோட வளையல்ல இருந்து. கூட்டுறவு பேங்க்ல அடகு வச்சு அனுப்பினாங்க. அதுக்கு வட்டி ஓடிட்டே இருக்கு. ஓனர்கிட்ட போன பணத்துக்கு மட்டும் ஒரு ரூபாய் வட்டி கிடையாது. ஒன்றரை லட்சத்தை 6 சதவீதத்துக்கு பேங்க்ல போட்டாலே வருஷத்துக்கு 9,000 வரும். அதையும் சேத்துத்தான் அவங்க நம்மகிட்ட வாடகை வாங்குறாங்க. ஆனா வாடகை எவ்வளவுன்னு கேட்டா 15,000ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க.

எங்க டீம்ல ஒரு பொண்ணு நொய்டாவுல இருந்து மாத்தலாகி இங்க வந்தா. அங்க ஒண்ணு ரெண்டு மாச வாடகையை டெபாசிட்டா கொடுத்துட்டு வீட்டுக்குள்ள போயிருக்கா. இங்க பத்து மாசம்னு சொன்னதும், வருஷ வாடகை மொத்தத்தையும் முன்னாடியே வாங்கிக்கிறாங்கன்னு நினைச்சிருக்கா. இல்லம்மா, அது தனி, மாச வாடகை தனின்னு நான் புரிய வச்சபோது எனக்கே கேவலமா இருந்துச்சு.

பணம் முடங்குறது ஒரு கஷ்டம். அதைவிட என்னை எரிய வைக்கிறது, அந்தப் பணம் அவங்க கையில இருக்குற வரைக்கும் நாம வாயைத் திறக்க முடியாதுங்கிறது. அந்த வீட்டுல இருந்த காலம் முழுக்க நான் பொறுத்துப் போன ஒவ்வொரு விஷயத்துக்கும் பின்னாடி இந்த ஒன்றரை லட்சம் இருந்துச்சு. காலையில ஏழு மணிக்கு மோட்டார் போட்டு அரை மணி நேரத்துல நிறுத்திடுவாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு வர்ற என் ரூம்மேட்டுக்குக் குளிக்கத் தண்ணி இருக்காது. கேக்கலாம்னு மாடிப்படி ஏறுவோம். பாதியில நின்னு, "வேணாம்டி, காலி பண்ணும்போது மனசுல வச்சுப்பாங்க"ன்னு இறங்கி வந்துடுவோம். என் தம்பி இன்டர்வியூக்கு வந்தவன் ஒரு ராத்திரி தங்கினதுக்கு, "ஆம்பளைப் பசங்க எல்லாம் தங்கக்கூடாதுன்னு முன்னாடியே சொன்னோமே"ன்னு ஆன்ட்டி கேட் பக்கத்துல நின்னு தெருவே கேக்குற மாதிரி சொன்னாங்க. கூடப் பொறந்தவன். அதுக்கும் நான் "சாரி ஆன்ட்டி"ன்னுதான் சொன்னேன். நம்ம பணம் அங்க மாட்டியிருக்கு, வேற என்ன சொல்ல முடியும்?

கரன்ட் பில் சமாச்சாரம் இன்னும் மோசம். தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016ல இருந்து இருக்கு. 500 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீட்டுக்கு 400 யூனிட் வரைக்கும் யூனிட் விலை 5 ரூபாயைத் தொடாது. எங்களுக்கு ஓனர் வச்ச ரேட் யூனிட்டுக்கு 9 ரூபாய், முதல் யூனிட்ல இருந்தே. ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் ஓடினா 1,620 ரூபாய் கொடுக்கணும். எங்க பேர்ல தனி இணைப்பு இருந்திருந்தா அதே 180 யூனிட்டுக்கு 400 ரூபாய்கூட வந்திருக்காது. "ஒரே சர்வீஸ்ல மூணு போர்ஷன் ஓடுதும்மா, ஸ்லாப் ஏறிடுது"ங்கிறார். ஸ்லாப் ஏறுனா, அதாவது மொத்த யூனிட் கூடி யூனிட் விலையும் கூடுனா, ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி சர்வீஸ் வாங்க வேண்டியது யார்? வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டவர்தானே? சப் மீட்டரை மாட்டி, அரசாங்கம் குடியிருக்கிறவங்களுக்குக் கொடுக்குற சலுகையைத் தான் எடுத்துக்கிட்டு, அதுக்கு மேல லாபமும் வைக்கிறது எந்த ஊர் நியாயம்? ஈபி பில்லைக் காட்டுங்க அங்கிள்னு ஒருதடவை கேட்டேன். "நம்பிக்கை இல்லன்னா வேற வீடு பாத்துக்கோம்மா"ன்னார். வேற வீடு பாக்கணும்னா இன்னொரு ஒன்றரை லட்சம் வேணும். அது தெரிஞ்சுதான் அவர் அவ்வளவு சாதாரணமா சொல்றார்.

காலி பண்ற அன்னைக்கு அங்கிள் ஒரு பழைய எல்ஐசி டைரியும் பேனாவும் எடுத்துட்டு வந்தார். வெளிச்சம் நல்லா இருக்கும்போதே செல்ஃபோன் டார்ச்சை அடிச்சு ரூம் ரூமா பாத்தார். ஹால் சுவத்துல ஆணி ஓட்டை. அந்த ஆணி நாங்க வரும்போதே இருந்தது, அதுல அவங்க கொடுத்த காலண்டரைத்தான் மாட்டியிருந்தோம். எழுதிக்கிட்டார். பாத்ரூம் குழாய் லேசா சொட்டுது. எழுதிக்கிட்டார். சமையலறை மேல் சுவத்துல ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிப்பொரியா உரிஞ்சு கிடக்கு. அது மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து இறங்குற தண்ணி. மழைக்காலத்துல அடுப்பு மேல செதில் செதிலா விழுந்து, குழம்புச் சட்டியை மூடி மூடி நாங்க சமைச்சோம். வாட்ஸ்அப்புல ஃபோட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்துச்சு, யாரும் வரல. அதையும் எங்க கணக்குல எழுதிக்கிட்டார். அவர் வீட்டுக் குழாய் ஒழுகி அவர் வீட்டுச் சுவர் கெட்டதுக்கு நான் காசு கொடுக்கணுமாம்.

கடைசியில, "பெயின்டிங் ஒரு மாச வாடகை, கிளீனிங் 2,000, பிளம்பர் 1,500, அதைக் கழிச்சுக்கிட்டு மீதியைத் தர்றேன்மா." பெயின்ட் அடிச்ச பில் தருவீங்களா அங்கிள்னு கேட்டேன். "இதுக்கெல்லாமா பில் கேப்பாங்க, எல்லா வீட்டுலயும் வழக்கம்தானேம்மா." வழக்கமாம். ஒரு குடும்பம் அஞ்சு வருஷம் இருந்துட்டுப் போனாலும் ஒரு மாச வாடகை, பொண்ணுங்க ரெண்டு பேர் ஒரு வருஷம் இருந்தாலும் ஒரு மாச வாடகை. சுவர் அழுக்காச்சா இல்லையான்னு எந்தக் கேள்வியும் கிடையாது. அடுத்த வாரமே புதுசா குடிவந்தவங்ககிட்ட பேசினேன். பெயின்ட் அடிக்கவே இல்ல. ஓதம் அடிச்ச இடத்துல மட்டும் ஒரு கோட் வெள்ளை பூசியிருக்காங்களாம்.

அந்த மீதியாவது வந்துச்சா? "புதுசா வர்றவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் உங்களுக்குத் தந்துடுறேன்." இந்த வாக்கியத்தைச் சென்னையில கேக்காத வாடகைக்காரங்க இருக்க மாட்டாங்க. அதாவது நான் கொடுத்த பணம் அவர்கிட்ட இல்ல. எப்பவோ செலவாயிடுச்சு. மேல்மாடி கட்டினாங்களோ, கல்யாணம் பண்ணினாங்களோ, காரை மாத்தினாங்களோ, தெரியாது. எனக்கு வர வேண்டியதை எனக்குப் பின்னாடி வர்ற இன்னொரு பொண்ணு அவ வீட்டு நகையை வச்சுக் கொண்டு வரணும். அவளுக்கு அதுக்கு அப்புறம் வர்றவ கொண்டு வரணும். இதுக்கு நடுவுல நான் புது ஓனருக்கு முழு அட்வான்ஸையும் கொடுத்தாத்தான் சாவி. ஒரே நேரத்துல ரெண்டு வீட்டுல என் பணம் கிடக்கும், என் அக்கவுன்ட்ல ஒண்ணும் இருக்காது. இந்த இடைவெளியில எத்தனை பேர் லோன் ஆப்புல போய் விழுறாங்க தெரியுமா? கிரெடிட் கார்டுல பணம் எடுத்து, மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி கட்டி, இன்னொருத்தரோட கார் டியூவுக்கு நாம உழைக்கிறோம்.

இதுக்கெல்லாம் சட்டமே இல்லையோன்னு நினைக்காதீங்க. இருக்கு. 1960ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துட்டு, 2017ல தமிழ்நாடு அரசு புதுச் சட்டம் கொண்டு வந்துச்சு. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் பத்தின சட்டம். 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் வாங்கக்கூடாதுன்னு இருக்கு. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கியைக் கழிச்சுக்கிட்டு, திருப்பிக் கொடுத்துடணும்னு இருக்கு. எல்லா ஒப்பந்தமும் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அது பதினோரு மாச ஒப்பந்தமா இருந்தாலும் சரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருத்தர்தான் அந்த வாடகை அதிகாரி. இணையத்துலயே பதிவு பண்ணலாம். தண்ணி, கரன்ட் மாதிரி அத்தியாவசியமான எதையும் ஓனர் நிறுத்தக்கூடாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு.

ஆனா அந்த மூணு மாச விதிக்கு முன்னாடி ஒரு வார்த்தையைச் சேத்து வச்சிருக்காங்க. ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா தவிர, அப்படின்னு. அந்த ஒரு வரிதான் எங்களைக் கொல்லுது. ஒப்பந்தத்தை யார் டைப் அடிச்சு வச்சிருக்கா? ஓனர். வீடு வேணும்னா கையெழுத்துப் போடு, இல்லன்னா கிளம்பு. இதுல எங்க இருக்கு ரெண்டு பேர் ஒத்துக்கிட்டது? 2021ல மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியா கொண்டு வந்த வாடகைச் சட்டத்துல குடியிருப்புக்கு ரெண்டு மாசத்துக்கு மேல கூடாதுன்னு இருக்கு. நம்ம ஊர்ல மூணு மாசத்தையே உறுதியாச் சொல்லக் கூடாதா? அந்த விலக்கை எடுத்துருங்கன்னுதான் கேக்குறேன். எடுத்தா எந்த ஓனரும் தெருவுக்கு வந்துட மாட்டார்.

பதிவு பண்ணலாம் அங்கிள்னு சொன்னப்போ என்ன பதில் வந்துச்சு தெரியுமா? "அதெல்லாம் வேணாம்மா, டாக்ஸ் பிரச்சனை வரும்." வாடகையில பாதி கேஷ்ல வேணும். பழைய வரி முறையில எச்ஆர்ஏ, அதாவது சம்பளத்துல வர்ற வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்கு, காட்டணும்னா, வருஷ வாடகை 1,00,000 தாண்டினா ஓனரோட பான் நம்பர் வேணும். அதையும் தர மாட்டாங்க. அவங்க கட்ட வேண்டிய வரியை மறைக்க, நான் என் சம்பளத்துல கூடுதலா வரி கட்டினேன். இதையும் வாயை மூடிட்டுத்தான் செஞ்சேன், காரணம் அதே ஒன்றரை லட்சம்.

ஓனருங்க பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லுவாங்க. வாடகை தராம ஓடினவங்க உண்டு, கதவு ஜன்னலை உடைச்சவங்க உண்டு, ஒருத்தரைக் காலி பண்ண வைக்க வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தவங்களும் உண்டு. தெரியும். ரிட்டயர்ட் ஆனவங்களுக்கு அந்த வாடகைதான் சோறுங்கிறதும் தெரியும். அதுக்குத்தான் மூணு மாசம். மாசம் தவறாம ஒண்ணாம் தேதியே வாடகை போட்ட எங்ககிட்ட, என்னைக்கோ எவனோ ஓடிப் போனதுக்கு ஏன் பத்து மாசம் வாங்குறீங்க? உங்ககிட்ட வீடு இருக்கு, எங்ககிட்ட அட்ரஸ்கூட இல்ல. கல்யாணம் ஆகலன்னா வீடு இல்ல, கறி சமைப்பீங்கன்னா வீடு இல்ல, என்ன ஆளுங்கன்னு சுத்தி வளைச்சு சாதியைக் கேட்டு, பதில் பிடிக்கலன்னா வீடு இல்ல. இத்தனையும் தாண்டி ஒரு வீடு கிடைச்சா, அதைத் தக்க வச்சுக்க எதையும் பொறுத்துக்குவோம்னு அவங்களுக்கு நல்லாத் தெரியுது.

கேட்டுக் கேட்டு வாங்கினது போக எனக்கு இன்னும் 60,000 வரணும். வாடகை அதிகாரிகிட்ட மனு போட முடிவு பண்ணிட்டேன். அட்வான்ஸ் அனுப்பின பேங்க் ஸ்டேட்மென்ட், ஒப்பந்தம், மாசாமாசம் வாடகை போட்ட விவரம், ஓதத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பின வாட்ஸ்அப், சாவி கொடுத்த அன்னைக்கு ரூம் ரூமா நான் எடுத்த வீடியோ, எல்லாத்தையும் சேத்து வச்சுட்டேன். பெயின்ட்டுக்கும் பிளம்பருக்கும் பில் கேட்டு ரிஜிஸ்டர் தபாலும் அனுப்பியாச்சு. மனு போடுற அன்னைக்கு ஆபீஸ்ல லீவு கேக்கணும், சம்பளம் பிடிப்பாங்க, பிடிக்கட்டும். என்கூட அந்த வீட்டுல இருந்தவளும் சாட்சிக்கு வர்றா. எங்க பழைய போர்ஷனுக்குப் புதுசா வந்த பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்: குடி வந்த இந்த வாரமே ஒவ்வொரு சுவத்தையும் வீடியோ எடுத்து அங்கிளுக்கே அனுப்பி வை, ஓதத்துல இருந்து ஆரம்பி.